மீசை நுனியில் ஒரு துளி

"பூவுக்கு மீசை கீதாம்க்கா. எனக்கே இன்னும் சரியா மொளைக்கல. இந்த ஒரு விஷயத்துக்காகவே அத்தப் புடிக்காம வுட மாட்டேன்" என்றான் ஜெயவேல்.

காலடிப்பேட்டையைத் தாண்டியதும் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பக்கவாட்டில் நுழையலாம் என்று பார்த்தால் அங்கேயும் ஒன்று. எண்ணூர் போகிற சாலையில் அவசரம் என்ற சொல்லுக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை.

பின் சீட்டில் இருந்த பெர்சிஸ் சிரிக்கவில்லை. ராயபுரத்தில் நோட்டுப்புத்தகக் கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். அந்த நிலையத்தின் உதவியாளன், ஓட்டுநர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் ஜெயவேல் ஒருவனே. வழக்கமாக மணிக்கு ஒரு நக்கல் அடிப்பவன் இன்று மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டு வந்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. பயப்படக் காரணமும் இருந்தது. திருடி என்று பெயர் வாங்கி நிற்பவள் அவனுடைய சின்னம்மா கெங்கம்மா.

விஷயம் இதுதான். யானைக்கவுனியில் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் தேவப்பிரியம் அண்ணாச்சிக்கு ராயபுரத்தில் வீடு. வியாபாரம் அவருக்குச் சோறு போட்டது. உயிர் மட்டும் பூக்களைப் படம் எடுப்பதில் இருந்தது. ஏரிக்கரை ஆம்பலிலிருந்து மலைக்காட்டு ஆர்க்கிட் வரை அவர் கேமராவுக்குத் தப்பிய பூ குறைவு. அவரே தலைவராக இருந்து ஒரு பூப்படக் குழு நடத்தினார். குழுவில் ஒரே ஒரு சட்டம்: யார் வீட்டில் புதுப் பூ மலர்ந்தாலும், அன்றைக்கே எல்லோரையும் அழைத்துப் படம் எடுக்க விட வேண்டும்.

அண்ணாச்சி பினாங்கிலிருந்து வரவழைத்த கிழங்கு ஒன்று இரண்டு வருஷம் அவர் மொட்டைமாடித் தொட்டியில் இலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் மொட்டு விட்டது. வவ்வால் பூ. கன்னங்கரேலென்று, இரண்டு இறக்கையும் விரித்து, முழ நீள மீசைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பூக்கும் பூ. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்ததும் குழுவினர் கேமராக்களோடு வந்து மாடி ஏறினார்கள். தொட்டி இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது.

பூட்டு உடையவில்லை. மாடிச் சாவி இரண்டே பேரிடம்தான்: ஒன்று அண்ணாச்சியிடம், இன்னொன்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கெங்கம்மாவிடம். அண்ணாச்சி வாசலுக்கு வந்து, கோயில் விட்டு ஜனம் போய்க்கொண்டிருந்த தெருவில், "கெங்கம்மாதான் எடுத்திருக்கா" என்று சத்தம் போட்டார். அதே தெருவில் அவளுக்கு இன்னும் மூன்று வீட்டில் வேலை. திங்கள்கிழமை காலை மூன்று வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை.

புதன்கிழமை விளக்கு வைப்பதற்குள் செடி வராவிட்டால் போலீஸில் புகார் என்பது குழுவினரின் தீர்ப்பு. இன்று புதன்கிழமை. மத்தியானமும் கழிந்துவிட்டது.

"யக்கா, இன்னொரு தபா அந்தப் போட்டோவக் காட்டு" என்றான் ஜெயவேல். "சும்மா குந்திகினு இருக்க முடியல."

பெர்சிஸ் செல்போனை அவன் தோளுக்கு மேல் நீட்டினாள். குழுவைச் சேர்ந்த மலிகா டீச்சர் நேற்று இரவு அனுப்பிய படம் அது. வெளிநாட்டுப் பூப்படப் போட்டி ஒன்றில் 'துறைமுகத்தான்' என்ற புனைபெயரில் யாரோ போட்டிருந்தார்கள். அதே பூ. இலையில் காக்கை கொத்திய அதே கிழிசல். பின்னணி மட்டும் பச்சையும் வெள்ளையுமாக மோர்க்குழம்பு போலக் கரைந்து கிடந்தது. பூவை நெருங்கி எடுத்தால் பின்னால் இருப்பதெல்லாம் அப்படித்தான் கரைந்துபோகும், எங்கே எடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை என்று மலிகா சொல்லியிருந்தாள்.

வழி ஒன்று மீசை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்.

"மழ பேஞ்சு மாசக்கணக்காவுது. இதுக்கு மட்டும் எங்கேந்து தண்ணி வந்துச்சு?"

"ஸ்பிரேயர்ல அடிச்சது. பூப்படம் எடுக்கிறவங்க தண்ணி பீச்சாம க்ளிக் பண்ண மாட்டாங்க. முத்து முத்தா நின்னாத்தான் அழகாம். திருடினவனுக்கும் கை சும்மா இருக்கல பாரு."

துளியைப் பெரிதாக்கினால் அதற்குள் ஓர் உலகம் தெரிந்தது. மேல்பாதி இருட்டு, கீழ்ப்பாதி வெளிச்சம். நடுவில் வெள்ளையாக ஒரு கூம்பு, குறுகிய முனை கீழே பார்க்கத் தொங்கியது. அந்த முனையில் வால்வுக்கு இருப்பது போல ஒரு குறுக்குக் கைப்பிடி.

காலையில் அண்ணாச்சி வீட்டு ஹாலில் வைத்துப் பெர்சிஸ் இதை அவரிடம் காட்டியிருந்தாள். சுவர் முழுக்க அவர் எடுத்த படங்கள். நடுநாயகமாகப் பரிசு வாங்கிய படம்: புல் நுனியில் ஒரு துளி, அதற்குள் நிமிர்ந்து நிற்கும் குட்டிச் செம்பருத்தி. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ஆலையில சிமெண்ட் கொட்டுற கூம்புல்லா பிள்ள" என்றார் கடைசியில். "எண்ணூர்ல பூட்டிக் கிடக்க சிமெண்ட் மில்லுல இப்படி ஒண்ணு தொங்கிட்டு இருக்கும். நான் தும்பைப்பூ எடுக்கப் போனப்ப பாத்திருக்கேன். சீக்கிரம் போயிப் பாருங்க."

பெர்சிஸுக்கும் அது சரியென்றுதான் பட்டது. அவளுடைய சொந்த ஊர்ப்பக்கத்து மனுஷர், வயதில் மூத்தவர், பூ விஷயத்தில் கரை கண்டவர். அவர் சொன்னதைத் தட்டத் தோன்றவில்லை.

லாரிகள் நகர்ந்தன. ஜெயவேல் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரைச் செருகினான்.

*

மில் இருந்தது. கூம்பும் இருந்தது. தகரக் கூரையின் இருட்டிலிருந்து வெள்ளையாகத் தொங்கி, முனையில் வால்வுக் கைப்பிடியோடு, படத்தில் பார்த்தபடியே இருந்தது. ஜெயவேல் விசில் அடித்தான்.

காவலுக்கு இருந்தவள் செங்கொடி என்ற நடுத்தர வயதுப் பெண். நாற்காலியைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பெர்சிஸிடம் தள்ளினாள். துணி சாம்பல் நிறமாக மாறியது.

"பூவா? இங்கியா?" செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு மாசமா பொழுதுக்கும் நான்தான் கீறேன். நாயி கூட உள்ள வர்ல. இங்க இன்னாம்மா மொளைக்கும்? கொடியில துணி காயப்போட்டா சாயங்காலம் அத்த இன்னொரு தபா தொவைக்கணும். பக்கத்து அனல்மின் நிலையத்துலேந்து அவ்ளோ சாம்பலு."

பெர்சிஸ் அவசரமாக உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். கூம்புக்கு நேர் எதிரே தரையெல்லாம் பஞ்சு மாதிரி சாம்பல். அதில் அவளுடைய செருப்புத் தடம் மட்டும் புதிதாக விழுந்தது. சுவரோரத்து எருக்கஞ்செடியின் இலையில் விரலை வைத்தால் விரல் வெளுத்தது.

வெளியே வந்து செல்போனில் வவ்வால் பூவின் இலையைப் பார்த்தாள். கழுவி வைத்த வாழையிலை மாதிரி பளபளத்தது.

"ஜெயவேலு, இந்தச் செடி இந்தப் பக்கம் வரவே இல்ல."

"இன்னாக்கா சொல்ற? கூம்பு கீதே!"

"கூம்பு இருக்கு. இலையில சாம்பல் இல்ல."

ஜெயவேலின் முகம் தொங்கிவிட்டது. தண்ணீர் குடிக்க, கேட் ஓரமாக இருந்த குழாயடிக்குப் போய்க் குனிந்தான். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டாகத் திரண்டு, தயங்கி, விழுந்தது. கையை ஏந்தியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யக்கா."

"என்ன?"

"இங்க வா. ஜல்தி வா. இந்த சொட்டுக்குள்ள பாரு."

பெர்சிஸ் அவன் பக்கத்தில் குனிந்தாள். குழாய் முனையில் திரண்ட சொட்டுக்குப் பின்னால் அந்த சிமெண்ட் கூம்பு இருந்தது. சொட்டுக்குள்ளும் இருந்தது. ஆனால் அங்கே அது தொங்கவில்லை. முனை வானத்தைப் பார்க்க நிமிர்ந்து நின்றது. வால்வின் குறுக்குக் கைப்பிடி உச்சியில் ஏறி, அச்சு அசலாக ஒரு சிலுவையாகிவிட்டது.

"கோயில் கோபுரங்கா" என்றான் ஜெயவேல் மெதுவாக. "மாதா கோயில் கோபுரம் கணக்கா கீது."

பெர்சிஸ் செல்போனைத் தலைகீழாகத் திருப்பினாள். வவ்வால் பூவின் மீசைத் துளிக்குள், வெளிச்சமான வானத்தில், வெள்ளைக் கோபுரம் ஒன்று நேராக நின்றது. உச்சியில் சிலுவை. பெர்சிஸுக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிறு தவறாமல் அந்தக் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து ஜெபம் செய்கிறவள் அவள். அண்ணாச்சி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறது அந்தக் கோயில்.

"அண்ணாச்சி வூட்டு மாடியா?" ஜெயவேலின் குரல் ஏறியது. "பூ அங்கியேதான் கீதா? அப்ப அவரு ஏன் எண்ணூர்னு சொன்னாரு? அவருக்கும் நம்மள மாதிரி தலகீழ்னு தெரியலியா?"

பெர்சிஸ் ஏற்கெனவே மலிகாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. அண்ணாச்சி ஹால்ல மாட்டியிருக்கிற துளிப் படத்துல செம்பருத்தி நேரா நிக்குதே, எப்படி?"

"அதுவா?" மலிகா சிரித்தாள். "துளிக்குள்ள எதப் பார்த்தாலும் கவிழ்ந்துதான் தெரியும். அதனால அவர் செம்பருத்திய தலைகீழா கட்டித் தொங்கவிட்டு எடுத்தார். துளிக்குள்ள நேராயிடுச்சு. எங்களுக்கெல்லாம் அதச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. ஏன் கேக்கறீங்க?"

"சாயங்காலம் வந்தா சொல்றேன்" என்று பெர்சிஸ் போனை வைத்தாள்.

ஜெயவேலுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "நல்லா தெரிஞ்சே நம்மள இங்க தொரத்திகீறாரு! என் சின்னம்மா அங்க அழுதுகினு கெடக்குது, இவரு..."

"திட்டுறதெல்லாம் அப்புறம். வண்டிய எடு."

*

திரும்பும் வழியில் லாரிகள் இன்னும் நெருக்கமாக நின்றன. திருவொற்றியூர் வரும்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. பெர்சிஸின் செல்போன் அடித்தது. அண்ணாச்சி.

"கிடைச்சுதா பிள்ள?"

"தேடிட்டு இருக்கோம் அண்ணாச்சி."

"எஸ்.ஐ. வந்து உக்காந்திருக்காரு. நம்ம ஆளுக எல்லாம் கையெழுத்துப் போடுங்கன்னு நெருக்குதாவ. நான் என்ன செய்ய?" குரலில் அதிகாரம் இல்லை, தவிப்புதான் இருந்தது. பெர்சிஸுக்கு அவர்மேல் கோபம் வந்த அளவுக்கு ஆச்சரியமும் வந்தது. புலி வாலைப் பிடித்துவிட்டு விட முடியாமல் தவிக்கிறார் மனுஷர்.

"காப்பி போட்டுக் கொடுங்க. அவர் குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துருவோம்" என்றாள்.

காசிமேட்டில் மீன் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. ஜெயவேல் நடைபாதையில் ஏறி இறங்கினான். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். "நைனா, வாழ்த்துக்கு டேங்க்ஸ்!" என்று கத்திக்கொண்டே அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

அண்ணாச்சி வீட்டுப் படிக்கட்டின் கீழ்ப்படியில் கெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் பிடித்துத் தானாகவே வந்திருந்தாள். இடுப்பில் மாடிச் சாவி. ஓடிப்போனால் அதுவும் திருட்டுக்குச் சாட்சியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"கெடச்சுதாடா?" என்றாள் ஜெயவேலைப் பார்த்து.

"எழுந்துரு சின்னம்மா. மாடிக்குப் போலாம்."

எஸ்.ஐ., மலிகா, குழுவினர் நாலைந்து பேர், அண்ணாச்சி எல்லோரையும் பெர்சிஸ் மாடிக்கு அழைத்துப் போனாள். கெங்கம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கடைசியில் ஏறிவந்தாள். செம்பருத்தியும் அடுக்குமல்லியும் ஆர்க்கிட்டும் அந்தி வெயிலில் நின்றன. பெர்சிஸ் சுவரோரத்து ஸ்பிரேயரை எடுத்து, கொடிக்கம்பி மேல் தண்ணீரைப் பீச்சினாள். கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்கின.

"சார், இப்படி வந்து இந்தத் துளிக்குள்ள பாருங்க. அந்தக் கோபுரம் எப்படித் தெரியுது?"

எஸ்.ஐ. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "தலைகீழா தொங்குது."

"இப்ப இந்தப் படத்தப் பாருங்க."

எஸ்.ஐ. செல்போனைப் பார்த்தார், துளியைப் பார்த்தார், நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். மலிகா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் கேட்காமலே எல்லோருடைய பார்வையும் மாடிப்படி அறையின் மேல் போயிற்று. அங்கே நாலு தூண்களில் தண்ணீர்த் தொட்டி நின்றது. ஏறுவதற்கு இரும்பு ஏணி.

"அங்க தண்ணித் தொட்டிதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"எல்லாரும் கீழ கீழயே தேடிட்டோம் அண்ணாச்சி. மேல யாரும் பாக்கல" என்றாள் பெர்சிஸ்.

ஜெயவேல் அதற்குள் பாதி ஏணி ஏறியிருந்தான். பிறகு மேலிருந்து அவன் குரல் கேட்டது.

"மீசக்காரரு இங்கதான் கீறாரு. நிழலு, ஜிலுஜிலுன்னு ஈரம், ஜாலியா கீறாரு. பக்கத்துல கேமரா ஸ்டாண்டு, ஸ்பிரேயரு, குந்துறதுக்கு ஒரு முக்காலி. அண்ணாச்சி, முக்காலில உங்க துண்டு கீதே, கொண்டாரவா?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்.ஐ. புகார்த் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "மூட்டுவலிக்காரம்மா இந்த ஏணில செடித் தொட்டியத் தூக்கிட்டு ஏறினாங்களா சார்?" என்று கேட்டார். கெங்கம்மா படி ஏறிவந்த லட்சணத்தை அவர் பார்த்திருந்தார்.

அண்ணாச்சி செடிகளுக்கு நடுவே இருந்த திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருசம் பிள்ள" என்றார், பெர்சிஸைப் பார்த்து. மற்றவர்களைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. "பிள்ளையப் பாத்த மாதிரி பாத்தேன். மலந்த அன்னைக்கே இத்தன பேரும் சுத்தி நின்னு லைட்டு அடிப்பாவன்னு நெனைக்கவே தாங்கல. நாலே நாளு நான் மட்டும் பாக்கணும்னு ஆச. சட்டம் போட்டதும் நாந்தானே, முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? காணாமப் போச்சுன்னு சொன்னா முடிஞ்சிரும்னு நெனச்சேன். சாவி யாருகிட்டன்னு கேட்டாவ. வாயில அவ பேருதான் வந்துட்டு."

"வந்துச்சு, சரி. அத மாத்திச் சொல்ல அப்புறம் மூணு நாள் இருந்துச்சே அண்ணாச்சி" என்றாள் பெர்சிஸ். "போட்டிக்குப் படம் அனுப்ப நேரம் இருந்துச்சு."

கெங்கம்மா முன்னால் வந்தாள். அழுவாள் என்று ஜெயவேல் பயந்தான். அவள் அழவில்லை.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா போதுமே ஐயா" என்றாள். "கதவப் பூட்டிகினு நானே காவலுக்குக் குந்திருப்பேனே. ஒருத்தர மேல வுட்ருப்பேனா?"

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிரு கெங்கம்மா. தப்புதான். நாளைக்கே வேலைக்கு வந்துரு. அந்த மூணு வீட்டுலயும் நானே சொல்லுதேன்."

"வூடு வூடா போயி காதுல சொல்ல வோணாம்." கெங்கம்மா சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். "தெருவுல நின்னு சொன்னீங்க. தெருவுல நின்னே சொல்லுங்க."

எஸ்.ஐ. படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

அண்ணாச்சி இறங்கினார். வாசலைத் தாண்டி, போன ஞாயிற்றுக்கிழமை நின்ற அதே இடத்தில் நின்றார். வேலை விட்டு வருகிறவர்கள், பால் வாங்கப் போகிறவர்கள், சைக்கிளில் ஒரு இடியாப்பக்காரர். விளக்கு வைக்கும் நேரம். அவர் கை கூப்பினார்.

"கெங்கம்மா எடுக்கல" என்றார். பக்கத்தில் நின்ற பெர்சிஸுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஜெயவேல் ஏதோ நக்கலாகச் சொல்ல வாயைத் திறந்தான். கெங்கம்மா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கேக்கல ஐயா" என்றாள் அவள். "ஞாயித்துக்கெயம சொன்னீங்களே, அந்த சத்தத்துல சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை கோயில் வாசல் வரைக்கும் கேட்கும்படி சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.